கிராம சுகாதாரக் குழு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரில் சுகாதாரக் குழு இருக்கிறது என்பது பலருக்குத் தெரியும். அது என்ன செய்கிறது என்று கேட்டால் பதில் வராது. குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்களும், சேரலாமா என்று யோசிப்பவர்களும், குழுவிடம் குறை சொல்லப் போகிறவர்களும் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். நாட்டுக்கு நாடு பெயரும் விதியும் மாறும். வேலை பெரும்பாலும் ஒன்றுதான்.

கிராம சுகாதாரக் குழு என்றால் என்ன?

ஊர் மக்களுக்கும் அரசு சுகாதாரத் துறைக்கும் நடுவில் இருந்து வேலை செய்யும் குழு. ஊர்க்காரர்கள் சிலர், உள்ளாட்சிப் பிரதிநிதி, அந்த ஊருக்குப் பொறுப்பான சுகாதாரப் பணியாளர் ஆகியோர் மாதத்துக்கு ஒருமுறையாவது கூடுவார்கள். யாருக்கு என்ன நோய் வந்திருக்கிறது, தண்ணீர் எப்படி இருக்கிறது, எந்தக் குழந்தைக்குத் தடுப்பூசி விட்டுப்போனது, சுகாதார நிலையத்தில் மருந்து இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஊரால் முடிந்ததை ஊரிலேயே செய்வார்கள். முடியாததை உரிய அதிகாரியிடம் எழுத்தில் கேட்பார்கள். கேட்டதற்கு என்ன பதில் வந்தது என்பதை ஊருக்குத் திரும்ப வந்து சொல்வார்கள்.

பல ஊர்களில் விட்டுப்போவது இந்தக் கடைசி வேலைதான். என்னைக் கேட்டால், ஒரு குழு இயங்குகிறதா என்பதை அதை வைத்தே சொல்லிவிடலாம்.

இந்த யோசனை எப்படி வந்தது?

1978 செப்டம்பரில் உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃப்பும் அல்மா-ஆட்டா நகரில் ஒரு மாநாடு நடத்தின. இன்றைய கஜகஸ்தானில் உள்ள ஊர் அது, அன்று சோவியத் ஒன்றியத்தில் இருந்தது. தங்கள் உடல்நலச் சேவையைத் திட்டமிடுவதிலும் நடத்துவதிலும் பங்கெடுப்பது மக்களின் உரிமை, கடமையும்கூட என்று அங்கே அறிவித்தார்கள். அதற்கு முன்பே இப்படி வேலை செய்தவர்கள் உண்டு. மகாராஷ்டிரத்தின் ஜாம்கேடில் மருத்துவர்கள் ரஜினிகாந்த் ஆரோலேயும் மேபல் ஆரோலேயும் 1970இல் தொடங்கிய பணியில், ஊரார் தேர்ந்தெடுத்த பெண்களைச் சுகாதாரப் பணியாளர்களாக ஆக்கினார்கள். அவர்களில் பலர் பள்ளிக்கூடம் போகாதவர்கள்.

1987இல் மாலி நாட்டின் பமாக்கோவில் ஆப்பிரிக்க சுகாதார அமைச்சர்கள் எடுத்த முடிவு, மருந்துக்காக வசூலிக்கும் பணத்தை ஊர்க் குழுக்களே நிர்வகிக்கும் முறையைப் பல நாடுகளுக்குக் கொண்டுபோனது. கட்டணம் கட்ட முடியாத ஏழைகள் அதனால் ஒதுங்கிப்போனார்கள் என்ற விமர்சனமும் எழுந்தது. இந்தியாவில் 2005இல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் தொடங்கியபோது கிராமந்தோறும் குழு அமைக்கும் திட்டம் வந்தது. குழுவின் பெயரிலும் பொறுப்பிலும் ஊட்டச்சத்து பின்னால் சேர்க்கப்பட்டது.

குழுவில் யார் யார் இருக்க வேண்டும்?

அரசாணை ஒரு பட்டியல் தரும். இந்தியாவின் வழிகாட்டுதலை எடுத்துக்கொண்டால், 15 பேருக்குக் குறையக் கூடாது, பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும் என்று சொல்கிறது. எண்ணிக்கையை நிரப்புவது சிரமமில்லை. யாரைக் கொண்டு நிரப்புகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஊருக்கு நடுவில் இருப்பவர்களாகவே பத்துப் பேரைப் போட்டால் அவர்களுக்குத் தெரிந்த ஊர்தான் குழுவுக்குத் தெரியும். சுகாதாரப் பணியாளரின் கால் கடைசியாகப் போகும் வீடுகள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கின்றன. ஊருக்கு வெளியே தள்ளிவைக்கப்பட்ட குடியிருப்பு, வேலைக்காக வந்து தங்கியிருக்கும் குடும்பங்கள், மாற்றுத்திறனாளி இருக்கும் வீடு, தனியாக வாழும் முதியவர். அங்கிருந்து ஓர் உறுப்பினராவது வர வேண்டும், வந்தால் பேசவும் வேண்டும். ஒரே ஒருவரைப் போட்டால் அவர் பெரும்பாலும் பேசமாட்டார். இரண்டு பேர் இருந்தால் ஒருவருக்கொருவர் துணையாகப் பேசுவார்கள். பெண்கள் விஷயத்திலும் இதே கதைதான். கணவர் வந்து உட்கார்ந்து மனைவியின் பெயருக்கு எதிரே கையெழுத்துப் போடுவதைக் குழு அனுமதிக்கவே கூடாது.

மாதக் கூட்டத்தில் என்ன நடக்கும்?

நல்ல கூட்டம் போன மாதத்தில் தொடங்கும். தீர்மானப் புத்தகத்தை எடுத்து, சென்ற கூட்டத்தில் யார் என்ன செய்வதாக ஒப்புக்கொண்டார்கள் என்று வாசிப்பார்கள். ஆனதை அடித்துவிட்டு, ஆகாததை நிலுவை என்று எழுதி, ஏன் ஆகவில்லை என்று கேட்பார்கள். இதற்கே கால் மணி நேரம் ஆகும். ஆகட்டும். இதைச் செய்யாத குழு ஒவ்வொரு மாதமும் அதே குறைகளை முதன்முறையாகப் பேசுவதுபோலப் பேசிக்கொண்டிருக்கும்.

பிறகு அந்த மாதத்தின் நிலவரம். புதிதாகக் கருவுற்றவர்கள், பிறப்பு, இறப்பு, தடுப்பூசி தவறிய குழந்தைகள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நிற்காதவர்கள், ஒரே தெருவில் பலருக்குக் காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வந்திருக்கிறதா என்பது. எடை குறைந்த குழந்தைகளைப் பற்றியும் கேட்க வேண்டும். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் அது கடுமையான ஊட்டச்சத்துக் குறைபாடு. அந்தக் குழந்தையை அடுத்த கூட்டம் வரை வைத்திருக்கக் கூடாது, அன்றே சுகாதார நிலையத்துக்கு அனுப்ப வேண்டும். இந்த எண்ணை உறுப்பினர்கள் எல்லோரும் மனப்பாடமாக வைத்திருப்பது நல்லது.

கடைசியாகத் தீர்மானங்கள். மூன்றுக்கு மேல் வேண்டாம் என்பது என் கருத்து. “துப்புரவை மேம்படுத்துவது” என்று எழுதினால் அதை யாரும் செய்யப்போவதில்லை. “மேற்குத் தெருக் குழாயடியில் தேங்கும் தண்ணீருக்கு வாய்க்கால் வெட்ட உள்ளாட்சிச் செயலரிடம் மனு, கொடுப்பவர் பொருளாளர், வரும் வெள்ளிக்குள்” என்று எழுதினால் அடுத்த மாதம் கேட்க முடியும். ஆள், வேலை, நாள் மூன்றும் இருந்தால்தான் தீர்மானம்.

கூட்ட நேரமும் முக்கியம். அலுவலக நேரத்தில் கூட்டினால் கூலி வேலைக்குப் போகிறவர்கள் வரமாட்டார்கள். அதிகாரிக்கு வசதியான நேரத்தில் கூடி, ஊர்க்காரர்களுக்கு ஆர்வமில்லை என்று எழுதிவைப்பது அநியாயம்.

ஊரில் பிரசவத்தில் ஒரு தாயோ, பிறந்த குழந்தையோ இறந்துபோனால் குழு என்ன செய்ய வேண்டும்?

முதலில் அந்தக் குடும்பத்தோடு இருக்க வேண்டும். கேள்வி கேட்கும் நேரம் அதுவல்ல.

சில வாரம் கழித்து, குடும்பம் சம்மதித்தால், நடந்ததை நாள்வாரியாகக் கேட்டு எழுதலாம். இதற்கு மருத்துவ உலகில் பழகிய ஒரு வழி இருக்கிறது. தாய்மார் இறப்புகளை மூன்று தாமதங்களாகப் பிரித்துப் பார்ப்பது. ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று முடிவெடுப்பதில் ஏற்பட்ட தாமதம், போய்ச் சேர்வதில் ஏற்பட்ட தாமதம், போன இடத்தில் சிகிச்சை கிடைப்பதில் ஏற்பட்ட தாமதம். 1994இல் தாடியஸ், மெய்ன் என்ற இரு ஆய்வாளர்கள் வகுத்தது இது.

இதன் அருமை என்னவென்றால், பழி ஒரே ஆள்மேல் விழாமல் வேலைகள் பிரிந்துவிடும். உதிரப்போக்கு ஆபத்து என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை என்றால் அது முதல் தாமதம். கருவுற்ற பெண்களின் வீடுகளில், குறிப்பாக மாமியாரிடமும் கணவரிடமும், ஆபத்து அறிகுறிகளைச் சொல்வது குழுவின் வேலை. இரவில் வண்டி கிடைக்கவில்லை என்றால் அது இரண்டாவது. வண்டி வைத்திருப்பவர்களிடம் முன்பே பேசி, எந்நேரமும் வரச் சம்மதித்தவர்களின் தொலைபேசி எண்களைக் கருவுற்ற பெண் இருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் எழுதிவைக்க வேண்டும். போய்ச் சேர்ந்த இடத்தில் மருத்துவர் இல்லை, ரத்தம் இல்லை என்றால் மூன்றாவது. அது ஊரால் தீராது. மாவட்ட சுகாதார அதிகாரிக்கு எழுத வேண்டும், பதில் வரும்வரை எழுத வேண்டும். விதி என்று சொல்லி மூடிவிடுகிற சாவுகளில் பல, இப்படிப் பிரித்துப் பார்த்தால் தடுத்திருக்கக் கூடியவையாகத் தெரியும். அது தெரிவது வலிக்கும். ஆனாலும் இதைக் குழு செய்யாமல் விடக் கூடாது, ஏனென்றால் ஊரில் இதைச் செய்ய வேறு ஆளில்லை.

குழு உறுப்பினர்கள் மருந்து கொடுக்கலாமா, வைத்தியம் பார்க்கலாமா?

கூடாது. பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர் தன் வரம்புக்குள் தருவது வேறு. வயிற்றுப்போக்குக்கு ஓ.ஆர்.எஸ். பொட்டலம் எந்த வீட்டில் கிடைக்கும், அதை எப்படிக் கலக்குவது என்று எல்லோருக்கும் தெரியச் செய்வது குழுவின் வேலைதான்.

தண்ணீரும் துப்புரவும் குழுவின் பொறுப்பா?

தொட்டி கழுவுவதும் குளோரின் போடுவதும் உள்ளாட்சியின் பொறுப்பு. அது நடக்கிறதா என்று பார்ப்பது குழுவின் பொறுப்பு. பார்ப்பது என்றால் நேரில் போய்ப் பார்ப்பது. குழாயில் வரும் நீரில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையக் கூடாது. சோதித்துப் பார்க்க எளிய கருவிப்பெட்டி உண்டு, நிறத்தை ஒப்பிட்டுச் சொல்லிவிடலாம், ஒருமுறை காட்டினால் யாரும் கற்றுக்கொள்ளலாம். தொட்டிக்கு அருகிலுள்ள குழாயில் மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பாதீர்கள். கடைக்கோடிக் குழாயில் பாருங்கள். குளோரின் போகப்போகக் குறையும், அழுக்கு நீர் உள்ளே கசிவதும் பெரும்பாலும் நடுவழியில்தான்.

கொசு விஷயத்தில் நாள் கணக்கு தெரிந்திருக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறத்தாழ 7 முதல் 10 நாள் ஆகும். அதனால் வாரத்துக்கு ஒருநாள் என்று வைத்துக்கொண்டு, வீட்டுக்கு வீடு நீர்ப் பாத்திரங்களைக் கவிழ்த்துக் காயவைத்தால் சங்கிலி அறுபடும். தண்ணீரைக் கொட்டினால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டைகள் பாத்திரத்தின் சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தாலும் மறுபடி நீர் பட்டால் பொரிக்கும். இந்தக் கொசு சில நூறு மீட்டருக்கு மேல் அதிகம் பறக்காது. கொசு எங்கிருந்தோ வருகிறது என்று சொல்கிறோமே, அது பெரும்பாலும் நம் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பிறந்ததுதான். புகையடிக்கும் வண்டியைக் கேட்டு மனு எழுதுவதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

குழுவுக்குப் பணம் வருமா? யார் செலவழிக்கலாம்?

சில நாடுகளில் வரும். இந்தியாவில் ஒரு குழுவுக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய் வரை, இன்ன செலவு என்று கட்டிப்போடாத நிதியாகத் தரத் திட்டத்தில் இடம் உண்டு. கணக்கு கூட்டுக் கையெழுத்தில் இருக்க வேண்டும். தீர்மானம் இல்லாமல் எடுக்கக் கூடாது, ரசீது இல்லாமல் எழுதக் கூடாது. வரவுசெலவை ஊர்ச் சபையில் வாசித்து, எல்லோர் கண்ணிலும் படும் சுவரில் ஒட்ட வேண்டும்.

பணத்தால் குழுவுக்கு வரும் கேடு ஒன்றும் உண்டு. ஆண்டு முழுக்க எதுவும் பேசாமல், நிதி வந்த மாதம் மட்டும் கூடி, பிளீச்சிங் பவுடரும் துடைப்பமும் வாங்கிக் கணக்கை முடிக்கும் குழுக்கள் இருக்கின்றன. இந்த மாதிரிப் பணம், விதியில் எங்கும் இடமில்லாத அவசரத்துக்குப் பயன்பட வேண்டியது. நள்ளிரவில் ஏழைப் பெண் ஒருத்தியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வண்டிச் செலவு அப்படிப்பட்டது.

சுகாதார நிலையத்தைக் கேள்வி கேட்டால் செவிலியருக்கும் ஊருக்கும் பகை வராதா?

வரலாம். கேட்கும் விதத்தைப் பொறுத்தது. “நீங்கள் ஏன் வருவதில்லை” என்று கூட்டத்தில் எழுந்து கேட்டால் அவர் அடுத்த கூட்டத்துக்கு வரமாட்டார். அவர் எத்தனை ஊர்களைப் பார்க்கிறார், எத்தனை பதிவேடுகள் எழுதுகிறார், தங்க இடம் இருக்கிறதா, மருந்து மேலிருந்து வருகிறதா என்று முதலில் கேளுங்கள். பாதிக் குறைகளுக்குக் காரணம் அவருக்கு மேலே இருக்கும். அப்போது குழு அவருக்காக எழுதலாம். செவிலியர் சொன்னால் அசையாத கோப்பு, ஊர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால் அசையும்.

அதற்காக எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று சொல்லவில்லை. பிரசவ அறையில் பெண்ணைத் திட்டுவது, அடிப்பது, இலவசச் சேவைக்குக் காசு கேட்பது, சாதி பார்த்துத் தொடாமல் ஒதுக்குவது ஆகியவற்றில் சமாதானம் பேசக் கூடாது. நாள், நேரம், நடந்தது மூன்றையும் எழுதி, புகார் கொடுத்தவர் பெயரை மறைத்து, மேலே அனுப்ப வேண்டும்.

நோயாளிகளின் விவரத்தைக் கூட்டத்தில் பேசலாமா?

எண்ணிக்கையைப் பேசலாம், பெயரைப் பேசக் கூடாது. காசநோய், எச்.ஐ.வி., மனநோய், கருக்கலைப்பு, திருமணமாகாத பெண்ணின் கர்ப்பம் போன்றவை கூட்டத்தில் வாய் தவறிக்கூட வரக் கூடாது. சிறிய ஊரில் தெருப் பெயரும் வயதும் சொன்னாலே ஆள் யாரென்று தெரிந்துவிடும். வீடு தேடிப் போக வேண்டியிருந்தால் சுகாதாரப் பணியாளர் மட்டும் போகட்டும். ஒரே ஒருமுறை ரகசியம் வெளியே போனாலும், அதற்குப் பிறகு யாரும் எதையும் சொல்லமாட்டார்கள்.

இதனால் உண்மையிலேயே பலன் உண்டா, அல்லது பேச்சுதானா?

நியாயமான சந்தேகம். கலவையான பதில்தான் இருக்கிறது.

நேபாளத்தின் மக்வான்பூர் மாவட்டத்தில் பெண்கள் குழுக்கள் மாதந்தோறும் கூடிப் பிரசவச் சிக்கல்களைப் பேசித் தாங்களே வழி தேடிய பகுதிகளில், பச்சிளங்குழந்தை இறப்பு மற்றப் பகுதிகளைவிட 30 சதவீதம் குறைவாக இருந்தது என்று 2004இல் வெளியான ஆய்வு காட்டியது. ஜார்க்கண்டிலும் ஒடிசாவிலும் நடந்து 2010இல் வெளியான ஆய்வில் 32 சதவீதம். குழு கூடிய பகுதிகளுக்கென்று தனியாகப் புதிய மருந்தோ புதிய கட்டடமோ வரவில்லை. பெண்கள் கூடினார்கள், பேசினார்கள், முடிவெடுத்தார்கள், செய்தார்கள். பின்னர் இத்தகைய ஏழு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, கருவுற்ற பெண்களில் 30 சதவீதம் பேராவது பங்கெடுத்த இடங்களில்தான் பலன் தெளிவாகத் தெரிந்தது. 2014இல் உலக சுகாதார நிறுவனம் இந்த முறையைப் பரிந்துரைத்தது. இவை பெண்கள் குழுக்கள், எல்லா இடத்திலும் அரசுக் குழுக்கள் அல்ல என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

உகாண்டாவில், ஊர் மக்களும் சுகாதார நிலைய ஊழியர்களும் சேவையின் நிலவரத்தை ஒன்றாக உட்கார்ந்து பார்த்துத் திட்டமிட்ட இடங்களில் குழந்தை இறப்பு 33 சதவீதம் குறைந்ததாக 2009இல் ஓர் ஆய்வு சொன்னது. பிறகு அதே நாட்டில் இன்னும் பெரிதாக நடத்திய ஆய்வில் அந்தப் பலன் தென்படவில்லை. கூட்டம் நடத்தினாலே உயிர் பிழைக்கும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

எனக்கு நம்பிக்கை தரும் இன்னொரு கதை நரம்புச் சிலந்தி நோயுடையது. குடிநீர் வழியாக உடலுக்குள் போகும் கினிப் புழு, வளர்ந்தபின் தோலைத் துளைத்து வெளிவரும் நோய் அது. 1986இல் உலகில் ஏறத்தாழ 35 லட்சம் பேருக்கு இருந்ததாகக் கணக்கிட்டார்கள். தடுப்பூசி இல்லை, குணமாக்கும் மருந்தும் இல்லை. குடிநீரைத் துணியில் வடிகட்டுவது, புழு வெளிவரும் நோயாளியை நீர்நிலையில் இறங்கவிடாமல் பார்த்துக்கொள்வது, ஊர்த் தொண்டர்கள் வீடுவீடாகப் போய் நோயாளிகளைக் கண்டுபிடித்து உடனே தகவல் தருவது. பெரும்பாலும் இவற்றைக் கொண்டுதான் 2023இல் மனிதர்களிடம் அந்த நோய் 14 பேர் என்ற அளவுக்கு வந்தது.

அப்படியானால் ஏன் இத்தனை குழுக்கள் பெயரளவில் இருக்கின்றன?

உறுப்பினர்களில் பலருக்குத் தாங்கள் உறுப்பினர் என்பதே தெரியாது என்பது முதல் காரணம். பெயர்ப் பட்டியலை யாரோ அலுவலகத்தில் எழுதியிருப்பார்கள். பயிற்சி ஒருநாள் நடந்திருக்கும், அதுவும் பதிவேடு எப்படி எழுதுவது என்பதைப் பற்றி. ஆனால் பெரிய காரணமாக நான் நினைப்பது வேறு. குழு கேட்டது, மேலிருந்து பதிலே வரவில்லை. மறுபடி கேட்டது, வரவில்லை. மூன்றாவது முறை கேட்க யாருக்கும் மனம் வராது. மக்கள் பங்கேற்பு என்று மேடையில் பேசும் துறை, ஊர்க் குழு அனுப்பும் கடிதத்துக்கு இத்தனை நாளுக்குள் பதில் தர வேண்டும் என்ற ஒரு விதியைப் போட்டாலே பாதிக் குழுக்கள் எழுந்து உட்காரும். “முடியாது, இன்ன காரணம்” என்ற பதில்கூடப் பரவாயில்லை. அதை ஊரில் போய்ச் சொல்ல முடியும்.

நான் உறுப்பினர் இல்லை. கூட்டத்துக்குப் போகலாமா?

பெரும்பாலான இடங்களில் போகலாம். போய்க் கேட்க ஒரு நல்ல கேள்வி: “போன மாதத் தீர்மானங்கள் என்ன ஆயின?”

எங்கள் ஊர்க் குழு நின்றுபோய்விட்டது. மறுபடி எப்படித் தொடங்குவது?

புதுக் குழு, புதுத் தலைவர் என்று போகாதீர்கள். அதிலேயே ஆறு மாதம் ஓடிவிடும். பழைய உறுப்பினர் பட்டியலை வாங்கி, ஒவ்வொருவரையும் நேரில் பாருங்கள். வர விருப்பமில்லாதவரிடம் எழுதி வாங்கிக்கொண்டு, அந்த இடத்துக்கு விட்டுப்போன தெருவிலிருந்து ஆள் எடுங்கள்.

முதல் கூட்டத்துக்கு ஒரே ஒரு பிரச்சினையை எடுங்கள். ஊரே அறிந்ததாக இருக்கட்டும், இரண்டு மாதத்துக்குள் முடியக்கூடியதாகவும் இருக்கட்டும். உடைந்த குழாயடித் தளம், தடுப்பூசி நாளன்று உட்கார நிழலும் மறைவும் இல்லாதது, சுகாதார நிலையத்தின் வேலை நேரம் எங்கும் எழுதிவைக்கப்படாதது போன்றவை. சாலை, ஆஸ்பத்திரிக் கட்டடம் என்று பெரிதாகத் தொடங்கினால் முதல் தோல்வியோடு கலைந்துவிடுவார்கள். மனு கொடுக்கும்போது நகலில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். அந்த நகலைத் தீர்மானப் புத்தகத்தில் ஒட்டுங்கள். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் அடுத்த அதிகாரிக்கு, முதல் மனுவின் தேதியைக் குறிப்பிட்டு எழுதுங்கள். எந்தப் பதில் வந்தாலும் அந்த வாரமே தெருவுக்குத் தெரு சொல்லுங்கள், கேட்டவர் வீட்டுக்கு முதலில் போங்கள்.